குடும்ப வரிசை

ஏப்ரல் 9

மாடி வீட்டுத் தையல்காரிக்கு,

கீழ் வீட்டுக்காரி எழுதுவது. நலமா என்று கேட்கவில்லை. அடுத்தவள் புருஷனோடு ஜோடியாகக் கடைக்குப் போகிறவளுக்கு நலத்துக்கு என்ன குறை?

பயந்துவிடாதே, சண்டைக்கு எழுதவில்லை. சண்டை என்றால் நேரில் வந்து போடுவதுதான் என் வழக்கம். ரோடெல்லாம் அடைத்துக் கிடக்கிறதே, என்ன செய்ய? போனில் பேசலாம்தான். பேசினால் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "விடும்மா, விடும்மா" என்று என் வாயைப் பொத்துவாள். கடிதம் என்றால் நீ நிதானமாகப் படிக்கலாம், நிதானமாக வெட்கப்படலாம். மாப்பிள்ளையின் காய்கறி லாரியில் கொடுத்து அனுப்புகிறேன். சோற்றுப் பருக்கை வைத்து அழுத்தி ஒட்டியிருக்கிறேன். ஒட்டு பிரிந்திருந்தால் எழுது, மாப்பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் பிரசவத்துக்கு என்று கிளம்பி வந்தேன். "சீக்கிரம் வந்துடறேன், முட்டை வேக வைக்கத் தெரியுமில்ல?" என்று கேட்டதற்கு அவர் தலையை ஆட்டினார். வந்து பேத்தியைக் கையில் வாங்குகிறேன், ஊரடங்கு என்கிறார்கள். பிறகு மகளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் போனது, பாலும் வற்றிப் போனது. இந்த ஊர்க் கடைகளில் பால் பவுடர் டின் மருந்துக்குக் கூட இல்லை. அலமாரியில் இருப்பது பிறந்தநாள் மெழுகுவர்த்தியும் ஷூ பாலிஷும்தான். பச்சைக் குழந்தைக்கு ஷூ பாலிஷா போட முடியும்? வாரா வாரம் மாப்பிள்ளை லாரியை விட்டு இறங்கும்போது கையில் ஒரு டின்னோடு இறங்குவார். எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வருகிறாரே, மாப்பிள்ளை என்றால் இவரல்லவோ மாப்பிள்ளை என்று தட்டில் ஒரு முட்டை கூட வைப்பேன்.

நேற்று அந்த முட்டையைத் தின்றுகொண்டே சொல்கிறார்:

"டின் நான் வாங்கலை அத்தே. மாமாதான் வாங்கி வெச்சிருப்பார். குடும்ப வரிசையில நின்னு."

"அது என்ன வரிசை?"

"பெரிய கடையில புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வந்தாத்தான் இப்ப டின்னு, மாவு, எண்ணெய் எல்லாம்."

"மாமாவோட பொண்டாட்டி இங்கல்ல இருக்கேன்?"

மாப்பிள்ளை இன்னொரு முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். நானும் விடவில்லை, விழுங்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "மாடி அக்கா கூட நிக்கறாங்க. மாஸ்க் போட்டிருக்கறதால யாருக்கும் தெரியாது அத்தே. ரெண்டு பேருக்கும் ஒரே துணியில மாஸ்க். மஞ்சப் பூப் போட்டது" என்றார்.

மஞ்சள் பூ! அது என் தலையணை உறையடி. நான் தலை வைத்துப் படுத்தது உன் மூக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷனைக் கெஞ்சியிருக்கிறேன், ஒரு நாள் என்னோடு கடைக்கு வாங்க என்று. அச்சகத்தில் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது போய்விட்டது. நான் கடை என்றால் வலது காதும் சேர்ந்து போய்விடும். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் உன்னோடு வெயிலில் நிற்கிறார். மூச்சிழுப்பு உடம்பு, வாசற்படி தாண்டக் கூடாது என்று போன் போட்டுக் கத்தினேன். "ஆங், ஆங்" என்றார். அதனால்தான் என்னிடம் மறைத்திருக்கிறார் என்பது புரிகிறது. நீ மறைத்தது ஏன் என்பதுதான் புரியவில்லை.

இதற்கெல்லாம் பதில் எழுது. யோசனை யாருடையது? பையை யார் தூக்குகிறீர்கள்? வரிசையில் நிற்கும்போது என்ன பேசிக்கொள்கிறீர்கள்?

குழந்தை குடிக்கிறாள். அதற்கு மட்டும் நன்றி.

கீழ் வீட்டுக்காரி


ஏப்ரல் 15

கீழ் வீட்டு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒட்டு பிரியவில்லை.

யோசனை அவருடையது. ஒரு நாள் காலையில் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நின்றார். கையில் ஒரு தாள் இருந்தது. அதைப் பார்த்து, செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்தார். பேத்திக்கு டின் வேண்டும், கடையில் இப்படி விதி இருக்கிறது, உங்களுக்கு ஆட்சேபணை இல்லாவிட்டால் என் மனைவியாக வரிசையில் நிற்க முடியுமா, முடியாது என்றாலும் கோபம் இல்லை. வாசித்து முடித்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விதி இதுதான். ஆரம்பத்தில் ஒரே வீட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்து வாங்கிப் பதுக்கினார்கள். அதனால் இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் புருஷனும் மனைவியும் ரேஷன் கார்டோடு சேர்ந்து வர வேண்டும். இருவர் மணிக்கட்டிலும் ஊதா மையில் முத்திரை குத்தி உள்ளே விடுகிறார்கள். தனி ஆட்களுக்கு மதியத்துக்கு மேல்தான். நான் தனி ஆள். மதியத்துக்கு மேல் எனக்குக் கிடைத்ததும் மெழுகுவர்த்திதான். ஆகவே ஒத்துக்கொண்டேன். டின் உங்களுக்கு, மாவிலும் எண்ணெயிலும் பாதி எனக்கு. இதில் என் பெரிய மனசு எதுவும் இல்லை.

பையை அவர் தூக்குகிறார். தரையில் வட்டம் போட்டிருக்கிறார்கள், ஆளுக்கொரு வட்டத்தில் நிற்கிறோம். பேசுவதில்லை. தலையணை உறைக்கு நெசவு நெருக்கம், மாஸ்க்குக்கு அதுதான் நல்லது. அக்கா ஏதாவது சொல்வார்களா என்று அவரிடம் கேட்டேன். "அவளுக்கு எப்படித் தெரியப் போகுது?" என்றார்.

இப்போது ஒரு சிக்கல். நேற்று வரிசையில் பையின் காது அறுந்தது. நான் வாய் தவறி "அண்ணே, பை கிழியுது" என்றேன். கடைக் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, புருஷனை அண்ணேங்கறீங்க?"

"எங்க வீட்ல அப்படித்தான்" என்றேன்.

"நல்ல வீடு" என்றார் அவர். "நானும் பார்த்துட்டேதான் இருக்கேன். நீங்க முன்னாடி போங்கன்னு இவர் சொல்றாரு. பரவாயில்லைங்கன்னு நீங்க சொல்றீங்க. எந்த ஊர்லம்மா புருஷன் பொண்டாட்டி இப்படிப் பேசிக்கறாங்க? அடுத்த வாரமும் இதே மாதிரி இருந்தா கார்டைக் கிழிச்சுடுவேன்."

இந்த வாரம் முத்திரை குத்தவில்லை. டின்னும் இல்லை. இருந்த அரை டின் அரிசி மாவையாவது அனுப்பலாமா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டார், பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்று தடுத்துவிட்டேன்.

புருஷனும் மனைவியும் வரிசையில் எப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நீங்கள் எழுதினால் செவ்வாய்க்கிழமைக்குள் கற்றுக்கொள்வேன். பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், நிறுத்திவிடலாம்.

மாடி வீடு


ஏப்ரல் 18

தையல்காரிக்கு,

யாரடி அக்கா? உன் வயசு என்ன, என் வயசு என்ன, எல்லாம் எனக்குத் தெரியும். அவரை அண்ணன் என்கிறாய், என்னை அக்கா என்கிறாய். அப்படிப் பார்த்தால் அவரும் நானும் என்ன ஆவது?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "நிறுத்திவிடு" என்று ஒரே வரி எழுதி மடித்து வைத்தேன். அப்போது மகள் டின்னின் அடியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலக்கலாமா என்று என்னைக் கேட்கிறாள். கூடவே கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். குழந்தை சூப்புகிறது, சூப்புகிறது, காலிப் பாட்டிலை விட மாட்டேன் என்கிறது. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு தாயிடம் கெஞ்சி அவளிடமிருந்த டின்னில் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். செவ்வாய் வரைக்கும் இழுக்கும். அதற்கு மேல் இழுக்காது.

ஆகவே, நீ நானாக இருப்பது எப்படி என்று நானே உனக்குச் சொல்லித் தர வேண்டும். எந்தப் பொம்பளைக்காவது இப்படி ஒரு வேலை வாய்த்திருக்குமா? வயிறு எரிகிறது, எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

முதலில் அந்த மரியாதையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. அவரை அண்ணன் என்றும் கூப்பிடாதே, வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடாதே. "காதுல விழுதா?" அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதுதான் அவர் பெயர். கார்டு எடுத்தாரா என்று மூன்று தரம் கேள். முதல் தரம் சாதாரணமாக, இரண்டாவது தரம் சந்தேகமாக, மூன்றாவது தரம் ஊருக்கே கேட்கிற மாதிரி. அவர் ஒரு பாக்கெட்டை எடுத்தால் பிடுங்கிப் பார், திருப்பி வை, பக்கத்திலிருக்கிற பாக்கெட்டை எடு. இரண்டும் ஒன்றுதானே என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும், எடு. நன்றி, பரவாயில்லை என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே. காவலாளி கூட விட்டுவிடுவான், அவரே பயந்துபோவார்.

திட்டுவதற்கு இரண்டு மூன்று தருகிறேன். "உங்களை நம்பி ஒரு வாழைப்பழம் வாங்கிட்டு வரச் சொல்ல முடியுமா?" இது எப்போதும் செல்லும். "வெச்சா வெச்ச இடம், நின்னா நின்ன இடம். நம்ம வீட்டு மேஜைக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அதுக்காவது நாலு கால் இருக்கு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, பையைப் பார்க்க வேண்டும். அவர் "ம்" என்பார். அந்த "ம்"முக்கும் சேர்த்து ஒன்று திட்டு.

நடக்கும்போது அவருக்கு இடது பக்கம் நட. நீ புத்திசாலி, நல்ல காது இருக்கிற பக்கமாகத்தான் நடப்பாய். நான் எப்போதும் செவிட்டுக் காதுப் பக்கம். ஏன் என்று கேள். அப்போதுதான் மனசில் இருப்பதை வாய்விட்டு முணுமுணுக்கலாம். அவருக்குக் கேட்காது, எனக்கும் பாரம் இறங்கிவிடும். பஸ் நிறுத்தம் வரை போய் வருவதற்குள் ஒரு வாரத்துக் கோபத்தை இறக்கி வைத்துவிடுவேன். என்ன முணுமுணுப்பது என்று தெரியாவிட்டால் என்னுடையதையே சொல்: "ஒரு நாள் என் கூடக் கடைக்கு வந்தா தேஞ்சா போயிடுவீங்க?"

இனி என் நிபந்தனைகள். வெங்காயம் பார்த்து எடுக்க அவருக்குச் சொல்லித் தராதே. அந்த உறையைத் தினம் வெந்நீரில் போடாதே, பூ மங்கிவிடும். அவருக்கு ஒரே ஒரு ஜோக்தான் தெரியும், மரத்தில் ஏறிய ஆளின் கதை. சொன்னால் சிரிக்காதே. நானே இதுவரை சிரித்ததில்லை.

கீழ் வீட்டுக்காரி


ஏப்ரல் 21

கீழ் வீட்டுக்கு,

முதலில் நீங்கள் தேடுவது. டின் கிடைத்தது. இந்தக் கடிதத்தோடு லாரியில் வருகிறது. இரண்டு.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வீட்டிலிருந்து கிளம்பியதும் நீங்கள் சொன்னபடி அவருக்கு இடது பக்கம் போனேன். சொல்லிக் கொடுத்ததைப் பழகிப் பார்க்க வேண்டும் என்று, கேட்காதுதானே என்ற தைரியத்தில், "ஒரு நாள் என் கூடக் கடைக்கு வந்தா தேஞ்சா போயிடுவீங்க?" என்று முணுமுணுத்தேன்.

அவர் நின்றுவிட்டார்.

"இது அவ சொல்றது" என்றார்.

"உங்களுக்குக் கேட்குமா?" என்றேன்.

"கிட்ட வந்து சொன்னாக் கேட்கும். கொஞ்சம் கேட்கும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நிறுத்திடுவாளே" என்றார்.

பிறகு பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க இந்தப் பக்கமே வாங்கம்மா. அந்தப் பக்கம் ஆள் இருக்கு" என்றார். நான் வலது பக்கம் போய்விட்டேன். கடை வரைக்கும் அந்தப் பக்கத்தைப் பையால் அடைத்துக்கொண்டே நடந்தார்.

கடை வாசலில் கார்டைப் பற்றி மூன்று தரம் கேட்டேன். மூன்றாவது தரம் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் எல்லாப் பைகளையும் தடவிவிட்டு விழித்தார். நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நிஜமாகவே மறந்துவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு எனக்கு நடிப்பு தேவைப்படவில்லை. வாழைப்பழத்தைச் சொன்னேன். மேஜையைச் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்"முக்கும் சொன்னேன். நீங்கள் எழுதாத ஒன்றிரண்டும் வந்தன. பின் வட்டத்தில் நின்ற அம்மா, "எங்க வீட்லயும் இதே கூத்துதான், விடுங்க" என்றார்.

காவலாளி மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "சார், நான் இந்தம்மாவைத் தப்பா நினைச்சுட்டேன். கார்டு இல்லாட்டிப் போகுது, உள்ள போங்க. இல்லேன்னா இவங்க என்னையும் சேர்த்துத் திட்டுவாங்க போலிருக்கு" என்றார். இருவருக்கும் முத்திரை குத்தினார். போன வாரத்துக்கும் சேர்த்து இரண்டு டின் கொடுத்தார்கள்.

திரும்பும்போது மரத்தில் ஏறிய ஆளின் கதையைச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்னொன்று. அவரைத் திட்டியது எனக்கு நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்த பிறகும் அந்த வரிகள் வாயில் ஓடின. இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும்.

மாடி வீடு


ஏப்ரல் 25

கேட்குமா? அந்தக் காது கேட்குமா?

பேத்தி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். நான் தூங்கவில்லை.

அந்தக் காதில் நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அவர் தங்கச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவர் குறட்டையைப் பற்றி. என்னைப் பெண் பார்க்க வந்த இன்னொருத்தன் இப்போது சொந்தமாக மூன்று பஸ் வைத்திருப்பதைப் பற்றி. அது போகட்டும். அவருக்கு மூச்சிழுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தோமே, அன்றைக்கு அவர் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒன்று சொன்னேன். இங்கே அதை எழுத மாட்டேன். அதையுமா கேட்டார்? கேட்டுவிட்டுத்தானா டீ வாங்கிட்டு வரட்டுமா என்று என்னைக் கேட்டார்?

இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்குத் தெரியாதது உனக்கு ஒரே காலையில் தெரிந்துவிட்டது. அதுவும் என் வார்த்தையை நீ எடுத்துப்போய்ச் சொல்லி. என் உறையைக் கொடுத்தேன், என் கார்டைக் கொடுத்தேன், என் திட்டையும் எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருந்ததாம்! ஏன் இருக்காது? நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்ததல்லவா?

அந்தப் பக்கம் ஆள் இருக்கு என்றாரா? அப்படியே அதே வார்த்தையா? நீயாக எனக்கு ஆறுதலுக்கு எழுதியது என்றால் இப்போதே சொல்லிவிடு.

ஒன்று கேட்டுச் சொல். அவருக்கு நான் எழுத மாட்டேன், எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். கடைக்கு வாங்க, கடைக்கு வாங்க என்று அத்தனை தரம் முணுமுணுத்ததும் காதில் விழுந்திருக்கிறதல்லவா? விழுந்தும் ஏன் வரவில்லை? உன்னோடு மட்டும் போக முடிகிறதே, என்னோடு வந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கேள். அவர் "ம்" என்றால் விடாதே. "ம்"மை எப்படிக் கையாள்வது என்று உனக்குத்தான் இப்போது தெரியுமே.


மே 6

கீழ் வீட்டுக்கு,

நான் ஆறுதலுக்கு எதுவும் எழுதுவதில்லை. அதே வார்த்தைதான்.

நேற்று வரிசையில் வைத்துக் கேட்டேன். "ம்" என்றார். நான் விடவில்லை. வட்டம் வட்டமாக நகர்ந்துகொண்டே சொன்னார். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"கடைக்குப் போயிட்டு வந்தா அவ பையைக் கூட இறக்க மாட்டா. வாசல்லயே ஆரம்பிச்சுடுவா. எவ முன்னாடி புகுந்தா, தராசுக்காரன் எப்படி முழிச்சான், அவனை இவ என்ன கேட்டா, எல்லாம் நடிச்சுக் காட்டுவா. முட்டைக்காரர் நடையை நீங்க அவகிட்டப் பார்க்கணும். நான் பேப்பரைத் தூக்கி வெச்சுக்கிட்டு உள்ள சிரிச்சுட்டு இருப்பேன். நானும் கூடப் போயிட்டா அவ யாருக்குக் காட்டுவா? அதான் போகலை."

அடுத்த வட்டத்துக்கு நகர்ந்ததும், "இப்ப நான்தான் கடைக்குப் போறேன். வந்து யார்கிட்டச் சொல்ல? எனக்குச் சொல்லவும் வரலை" என்றார். இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், எழுதிவிட்டேன்.

ரோடு திறந்துவிட்டார்கள் என்றும், உங்கள் பக்கத்துக் கடைகளுக்கு டின் வந்து இறங்கிவிட்டது என்றும் உங்கள் மாப்பிள்ளை சொன்னார். சம்பந்தியம்மா வந்து பெண்ணைப் பார்த்துக்கொள்கிறாராம், நீங்கள் கிளம்புகிறீர்களாம். நல்லது. நான் என் தம்பி வீட்டுக்குப் போகிறேன். வெகு நாளாகக் கூப்பிடுகிறான். அங்கேயும் மெஷின் இருக்கிறது.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் வந்துவிட்டால் கீழேயிருந்து உங்கள் சத்தம் மேலே வரும். முன்பெல்லாம் அது எனக்கு வெறும் இரைச்சல், ஜன்னலைச் சாத்திவிட்டுத் தைப்பேன். இனி ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். நேற்று மாவுப் பையோடு படி ஏறிப் போய்க் கதவைத் திறந்தேன். வரிசையில் ஒருவர் சோப்பு என்று நினைத்து மெழுகுக் கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கூத்தைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. நான் தனியாக இருப்பது எனக்குப் புதிதா என்ன? ஆனாலும் பையை இறக்காமல் அப்படியே நின்றேன். பொறாமை உங்கள் ஒருவருக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை.

இரண்டு மாஸ்க்கையும் பிரித்து, மீதித் துணியோடு சேர்த்துத் திரும்ப உறையாகவே தைத்துவிட்டேன். உங்கள் தலையணையில் போட்டிருக்கிறது. ஒட்டுத் தெரியாமல் தைக்க முடியவில்லை. அவருக்கு வேறு துணியில் நாலு மாஸ்க் தைத்து வைத்திருக்கிறேன், கோடு போட்டது. உங்களுக்கும் நாலு. வேறு கோடு.

வெங்காயம் பார்க்கச் சொல்லித் தரவில்லை.

மாடி வீடு


மே 19

தையல்காரிக்கு,

ஓடிப்போனவளே,

வந்து சேர்ந்தேன். வீடு வீடாகத்தான் இருக்கிறது. முட்டை வேக வைத்த பாத்திரம் ஒன்று அடியோடு கருகியிருக்கிறது, அதை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். முதலில் கண்ணில் பட்டதே அதுதான். உறையில் தலை வைத்துப் படுத்தேன். உன் தையல் கன்னத்தில் உறுத்துகிறது. நீ வேண்டுமென்றே மொத்த நூலில் போட்டிருப்பாய்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் நான் பையை எடுக்கிறேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் கூப்பிடவே இல்லை. கோடு போட்ட மாஸ்க். கார்டை நெஞ்சில் தட்டிக் காட்டுகிறார். எத்தனை வருஷத்து ஆசை! சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் போய் நடந்தேன்.

குடும்ப வரிசையில் எங்கள் முறை வந்தது. உன் காவலாளி கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், அம்மா வரலையா?"

"இதான் அம்மா" என்றார் இவர்.

"விளையாடாதீங்க சார். அந்தம்மாவை எனக்குத் தெரியாதா? இவங்க யாரு?"

எனக்கு வந்ததே கோபம்! "யாரைப் பார்த்து யாருன்னு கேக்கறீங்க? இந்த மனுஷனை நம்பி ஒரு வாழைப்பழம் வாங்கிட்டு வரச் சொல்ல முடியுமா? வெச்சா வெச்ச இடம், நின்னா நின்ன இடம். மேஜைக்காவது நாலு கால் இருக்கு. இதை இத்தனை வருஷம் கட்டி மேய்க்கறவ நான்தான்!"

காவலாளி விழுந்து விழுந்து சிரிக்கிறார். "அட, அந்தம்மா சொல்றதை அச்சு மாறாம சொல்றீங்களே! அவங்க தங்கச்சியா நீங்க? ஆனா ஒண்ணும்மா, அவங்க சொல்ற மாதிரி வரலை."

அவங்க சொல்ற மாதிரி வரலை! என் வாயில் பிறந்த திட்டு, என் வாயில் சரியாக வரவில்லையாம்!

இவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லக் கூடாதா? "ம்" என்கிறார். முத்திரை குத்தவில்லை. எங்களை மதிய வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள், தனி ஆட்களோடு. இரண்டு பேரும் தனித்தனி ஆளாக, தனித்தனி வட்டத்தில் நின்றோம். முன்னால் நின்ற தனி ஆள் ஒருவர் இவரிடம், "உங்களுக்கும் யாரும் இல்லையா சார்?" என்று கேட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மரத்தில் ஏறிய ஆளின் கதையை அவருக்குச் சொன்னார். நல்ல கதைதான், ஒத்துக்கொள்கிறேன். நானும் சிரித்துத் தொலைத்தேன். எங்கள் முறை வரும்போது மாவும் இல்லை, எண்ணெயும் இல்லை. மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வந்தோம்.

திரும்பும்போது நான் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. கேட்கும் என்று தெரிந்த பிறகு என்னத்தை முணுமுணுப்பது? பாதி வழி வந்தோம். "என்ன, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?" என்றார். பிறகு பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு அந்தக் காதைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்து நடந்தார். கழுத்து வலிக்காதா அந்த மனுஷனுக்கு? அப்புறம் நான் ஆரம்பித்தேன். எல்லாம் உன்னைப் பற்றித்தான். வீடு வந்து சேரும் வரை உன்னைத்தான் திட்டினேன், நீ திட்டியது நன்றாக இருந்தது என்று எழுதியதற்கும் சேர்த்து. அவர் தோள் குலுங்கியது, சிரிக்கிறார். முதல் தடவையாகப் பேப்பர் இல்லாமல் சிரிக்கிறார்.

இப்போது கேள். அடுத்த செவ்வாய்க்கிழமை மாவு வருகிறதாம், எண்ணெயும் வருகிறதாம். அந்த வாசலில் நீதான் நான், அதற்கு நான் என்ன செய்ய? நாளைக்கு லாரி உன் தம்பி வீட்டு வழியாகத்தான் திரும்புகிறது. மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன், ஹாரன் அடிப்பார். மெஷினை மூடிவிட்டு ஏறி வா. வந்து வலது பக்கம் நில், பாதி மாவு உனக்கு.

நான் வீட்டில் வாசலிலேயே நிற்பேன். நீங்கள் இரண்டு பேரும் வந்து, பையை இறக்குவதற்கு முன்னால், நடந்ததையெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டும். காவலாளி எப்படி முழித்தான், மெழுகுக் கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் யார், எல்லாம். நடித்துக் காட்ட வேண்டும். உனக்கு வராது என்று எனக்குத் தெரியும். நான் மட்டும் தெரிந்துகொண்டா பிறந்தேன்?

என் பொறாமை அப்படியேதான் இருக்கிறது. நீ அதைப் பார்த்து ஒதுங்காதே. அது இந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், நீ தாண்டிக்கொண்டு உள்ளே வந்துவிடு.

உன் பழைய கீழ் வீட்டுக்காரி,
செவ்வாய்க்கிழமை மட்டும் நீ